ஓரணா டிபன் முதல் காலை உப்புமா வரை

"அது சத்துணவு ஸ்கூலுங்க, நம்ம பசங்களுக்கு செட் ஆகாது."

இந்த வசனத்தை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீங்க. கல்யாண வீட்டுப் பந்தியில உட்கார்ந்துகிட்டு, பாயசத்தை வழிச்சுக்கிட்டே ஒருத்தர் இதைச் சொல்லுவார். பக்கத்து இலைக்காரர், "ஆமாங்க, சோறு போட்டே தமிழ்நாட்டைக் கெடுத்துட்டாங்க"ன்னு தலையாட்டுவார். ரெண்டு பேருமே அந்தச் சோத்தைத் தின்னு படிச்சவங்களா இருக்கவும் வாய்ப்பு உண்டு :)

நான் சத்துணவு சாப்பிட்டுப் படிச்சவன். எங்க அத்தை சத்துணவுக் கூடத்துல ஆயாவா வேலை பார்த்தவங்க. அதனால இந்த விஷயத்துல நடுநிலைன்னு சொல்லிக்கிட்டு வந்தா அது பொய். ஆனா சொந்தக் கதையை மட்டும் சொல்லி முடிக்கப் போறதில்லை. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சோறு போடுறதுங்கிறது நம்ம ஊர்ல நூறு வருஷத்துக்கு மேல நடக்குற ஒரு வழக்கு. அந்த வழக்குல ரெண்டே ரெண்டு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. ஒண்ணு, இது பள்ளிக்கூடத்தோட வேலையா? ரெண்டு, யார் காசு கொடுக்கிறது? இதை வரிசையா பார்த்துட்டு, வீட்டுல நம்ம தட்டுக்கு வருவோம்.

*

முதல் காட்சி 1920, சென்னை.

அப்போ சென்னை மாநகராட்சியின் தலைவர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். மாநகராட்சிப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் சேருவதே குறைவு. சேர்ந்தவர்களும் பாதியில் நின்னுடுவாங்க. காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை, பசிதான். 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டாங்க. ஆயிரம் விளக்கு பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கணும், தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு ஆகக்கூடாது. அவ்வளவுதான் தீர்மானம்.

பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிவாக்கினாங்க. இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 பிள்ளைகள் இருந்தாங்க. 1924-25-ல் அது 1,671. ரெண்டு வருஷத்துல ரெண்டு மடங்கு. புதுக் கட்டடம் கட்டலை, புதுப் பாடத்திட்டம் போடலை. டிபன் மட்டும்தான்.

அப்புறம்? பிரிட்டிஷ் அரசு, தொடக்கக் கல்விக்கான நிதியில் இருந்து டிபனுக்குச் செலவு செய்யக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. படிப்புக்கு ஒதுக்கின காசுல சாப்பாடு போடுறது கணக்குல வராதாம். 1925 ஏப்ரல் 1-ம் தேதியோட டிபன் நின்னுபோச்சு. அதே வருஷம்தான் தியாகராயரும் காலமானார்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அதே பிரிட்டிஷ்காரங்க தங்கள் நாட்டுல 1906-லேயே, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு அனுமதி கொடுத்து பாராளுமன்றத்தில் சட்டம் போட்டிருந்தாங்க. பசிச்ச பிள்ளைக்குப் பாடம் ஏறாதுன்னு அவங்களுக்குத் தெரியாம இல்லை. தெரிஞ்சிருந்தும் சென்னையில அது கணக்குல வராத செலவா போச்சு. முதல் கேள்விக்கு, அதாவது இது பள்ளிக்கூடத்தோட வேலையாங்கிற கேள்விக்கு, அன்னைக்குக் கிடைச்ச பதில் 'இல்லை'.

*

அடுத்து முப்பது வருஷம் தள்ளி வருவோம். 1954-ல் காமராஜர் முதல்வரானார்.

அவர் சுற்றுப்பயணத்தில் மாடு மேய்க்கும் பையன் ஒருத்தனைப் பார்த்து "ஏன் பள்ளிக்கூடம் போகலை"ன்னு கேட்டதும், அவன் "போனா சோறு யார் தருவா"ன்னு திருப்பிக் கேட்டதும் எல்லோருக்கும் தெரிஞ்ச கதை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாத்திச் சொல்லுவாங்க. எந்த ரயில்வே கேட்டுன்னு நாம சண்டை போட வேண்டாம். அந்தப் பையன் கேட்ட கேள்வி அன்னைக்கு லட்சக்கணக்கான வீடுகள்ல இருந்தது, அதுபோதும்.

அப்போ கல்வித்துறைக்கு இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. திட்டத்துக்கு வடிவம் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனா கஜானாவில் காசு இல்லை. ரெண்டாவது கேள்வி வந்து நிக்குது, யார் கொடுக்கிறது?

காமராஜரும் சுந்தரவடிவேலுவும் கண்டுபிடிச்ச வழி, ஊரையே கேட்கிறது. அரிசி வச்சிருக்கிறவர் அரிசி, தோட்டம் வச்சிருக்கிறவர் காய், கடை வச்சிருக்கிறவர் பருப்பு, ஒண்ணும் இல்லாதவர் விறகு. 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இதுக்காக ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார்னு அவர் பேசினதை இன்னைக்கும் பெரியவங்க சொல்லுவாங்க. ஒரு முதலமைச்சர் வாயில் வர்ற வார்த்தையா அது! ஆனா அவருக்கு அது வெட்கமா தெரியலை.

ஊர் மட்டுமே தாங்காதுன்னு சீக்கிரமே தெரிஞ்சுது. அதனால 1957-ல் இருந்து அரசும் பங்கு போட்டுச்சு. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா கணக்கு, அதில் 6 பைசா அரசு, 4 பைசா ஊர். வருஷத்துக்கு 200 நாள். 1961-ல் அமெரிக்காவின் 'கேர்' நிறுவனம் சேர்ந்தது. பால் பவுடர், எண்ணெய், கோதுமை ரவை, சோள மாவு எல்லாம் கப்பல்ல வந்துச்சு. இன்னைக்கு அறுபது, எழுபது வயசுல இருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க, அந்த மஞ்சள் நிற உப்புமா வாசனையைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க. சிலருக்கு அது அமிர்தம். சிலருக்கு இன்னைக்கும் உப்புமான்னாலே ஓட்டம் :) 1967-ல் இருந்து மத்திய சமையல் கூடங்கள் வந்துச்சு. ஓர் இடத்துல சமைச்சு வண்டியில பள்ளிகளுக்கு அனுப்புற முறை.

இந்த முறையில ஒரு பலம், ஒரு பலவீனம். பலம், ஊரே சேர்ந்து போட்ட சோறுங்கிறதால 'நம்ம பள்ளிக்கூடம்'ங்கிற எண்ணம் வந்துச்சு. 1958-ல் இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்னு ஊர் ஊரா நடத்தி, பெஞ்சு, கடிகாரம், கட்டடம்னு மக்களே கொடுத்ததுக்கு இதுதான் ஆரம்பப் பயிற்சி. பலவீனம், நல்லவர் இருக்கிற ஊர்ல நல்லா நடந்துச்சு, இல்லாத ஊர்ல படுத்துக்கிச்சு. பஞ்சம் வந்தா முதல்ல நிக்கிறது நன்கொடைதான். ஆனா பஞ்சத்துலதான் பிள்ளைக்குச் சோறு அதிகம் வேணும். தர்மத்தை நம்பி நடக்குற எந்தச் சாப்பாட்டுக்கும் இதான் கதி.

*

1982. இது எனக்கே ஞாபகம் இருக்கிற பகுதி.

ஜூலை 1-ம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிள்ளைகளோட பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டார். சின்ன வயசுல அப்பாவை இழந்து, கும்பகோணத்தில் பசியோடு வளர்ந்து, வயித்துப்பாட்டுக்காகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். பசின்னா என்னன்னு அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

கிராமங்களில் தொடங்கி, அதே வருஷம் செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்துச்சு. முதல்ல 2 வயசுல இருந்து 9 வயசு வரை. 1984-ல் 15 வயசு வரைக்கும் நீட்டிச்சாங்க. அரைக் கோடிக்கும் அதிகமான பிள்ளைகள், வருஷத்துக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல செலவு. பொருளாதாரம் படிச்சவங்க பலர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஓட்டுக்காகப் போடுற சோறு, இந்தக் காசுல தொழிற்சாலை கட்டலாம்னு எழுதினாங்க. அதுல ஓட்டுக் கணக்கே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பழைய கேள்விக்கு இப்போ புதுப் பதில் கிடைச்சிருந்தது. யார் காசு? அரசாங்கத்தோட காசு, முழுசா. ஊர்ல யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் கும்பிடு போட வேண்டாம்.

இன்னொரு பெரிய மாற்றமும் அதோட வந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் ஆயா. ஆக ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு வேலை. அதிலும் கணவனை இழந்தவங்க, ஆதரவு இல்லாதவங்களுக்கு முன்னுரிமை.

எங்க அத்தை அப்படித்தான் உள்ளே போனாங்க. மாமா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்துச்சு. கையில ரெண்டு பிள்ளைங்க. அதுவரைக்கும் அத்தை எங்க வீட்டுக்கு வந்தா அடுப்படிக்குள்ளேயே இருப்பாங்க, முன்னால வர மாட்டாங்க. வேலை கிடைச்ச பிறகு காலையில எட்டரைக்கெல்லாம் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு தெருவுல நடந்து போவாங்க பாருங்க... பெரிய சம்பளம் எல்லாம் இல்லை. ஆனா "யாரு போறா?"ன்னு கேட்டா "சத்துணவு டீச்சரம்மா கூட வேலை பார்க்குற அம்மா"ன்னு ஊர்ல ஒரு அடையாளம் வந்துச்சு.

அத்தையோட வேலை நாளை இப்போ நினைச்சாலும் மலைப்பா இருக்கு. முதல் பீரியட் முடிஞ்சதும் ஒவ்வொரு வகுப்பா போய் எத்தனை பேர் சாப்பாட்டுக்குன்னு எண்ணிட்டு வரணும். அந்தக் கணக்குக்குத்தான் அரிசி அளப்பாங்க. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. அரிசியில வண்டு இருக்கும், கல் இருக்கும். புடைச்சு, பொறுக்கி, நாலு தண்ணி அலசி, விறகு அடுப்புல ஏத்தணும். ஈர விறகுன்னா அன்னைக்கு அத்தைக்குக் கண்ணெல்லாம் சிவந்திருக்கும். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும்போது அண்டா இறங்கியிருக்கணும்.

நாங்க வீட்டுல இருந்து கொண்டு போன அலுமினியத் தட்டோட வரிசையா உட்காருவோம். சாம்பார் சாதம். அதுல கீரை, கேரட், பூசணி, எது மலிவோ அது. ஒருநாள் நான் பூசணிக்காயை எல்லாம் ஓரமா ஒதுக்கி வச்சிருந்தேன். அத்தை கரண்டியோட வந்து நின்னாங்க. சொந்த அத்தைதானே, விட்டுருவாங்கன்னு நினைச்சேன்.

"ஏய்யா, அது யாருக்கு வச்சிருக்க?"

"பிடிக்கலை அத்தே."

"பக்கத்துல இருக்கிறவனைப் பாரு."

பக்கத்துல இருந்தவன் தட்டு கழுவின மாதிரி இருந்துச்சு. அவனுக்கு அன்னைக்கு அதுதான் முதல் சாப்பாடுன்னு அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனா அவன் சாப்பிட்டதைப் பார்த்து நானும் சாப்பிட்டேன். வீட்டுல அம்மா ஒரு வருஷமா கெஞ்சியும் இறங்காத பூசணி, பந்தியில அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுச்சு. இதைப் பத்தி அப்புறம் பேசுவோம், ஞாபகம் வச்சுக்கங்க.

*

சத்துணவுன்னு பேர் வச்சாச்சு, சத்து எங்கேன்னு கேட்டவங்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆரம்பத்துல அது பெரும்பாலும் வயித்தை நிரப்புற சோறுதான். சத்து ஒவ்வொண்ணா வந்து சேர்ந்துச்சு.

1989-ல் கருணாநிதி ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998-ல் வாரம் ஒரு முட்டை. 2006-ல் வாரம் ரெண்டு, 2007-ல் மூணு, 2010-ல் பள்ளி நடக்கிற அஞ்சு நாளும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். கூடவே கொண்டைக்கடலை, பாசிப்பயறு, உருளைக்கிழங்கு. உப்புலகூட அயோடினோட இரும்புச்சத்தும் சேர்த்தாங்க. ஜெயலலிதா ஆட்சியில் 2013-ல் சோதனையா தொடங்கி 2014-ல் மாநிலம் முழுக்க கலவை சாதம் வந்துச்சு. வெஜிடபிள் பிரியாணி, புலாவ், லெமன் சாதம், கருவேப்பிலை சாதம், மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டைன்னு நாளுக்கு ஒண்ணு.

இதை கவனிச்சீங்களா? திட்டத்தைத் தொடங்கினது ஒரு கட்சி, முட்டை போட்டது இன்னொரு கட்சி, அதுக்கு மசாலா போட்டது மறுபடி முதல் கட்சி. நம்ம ஊர்ல ஒருத்தர் கட்டின கட்டடத்தை இன்னொருத்தர் வந்து இடிக்கிறதைப் பார்த்துப் பழகின நமக்கு இது ஆச்சரியம்தான். பிள்ளைங்க தட்டுல மட்டும் யாரும் கை வைக்கத் துணியலை. வச்சா அடுத்த தேர்தல்ல அம்மாக்கள் பார்த்துக்குவாங்க!

ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம். நம்ம அரிசிச் சாப்பாட்டுல குறையா இருக்கிறது சரியா அதுதான். அத்தை சொல்லுவாங்க, முட்டை நாள் அன்னைக்கு எண்ணிக்கை எடுக்கப் போகவே வேண்டாம், பெஞ்சு நிரம்பியிருக்கும்னு.

*

இதுக்குள்ள நாட்டுல மத்த இடங்களில் என்ன நடந்துச்சு? 1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஆனா பல மாநிலங்களில் சமைச்ச சோறு கொடுக்கலை. ஒழுங்கா பள்ளிக்கு வர்ற பிள்ளைக்கு மாசம் 3 கிலோ தானியம்னு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

இதுல என்ன தப்புன்னு தோணும். அந்த 3 கிலோ வீட்டுக்குப் போனா குடும்பத்தோட பானைக்குள்ள போயிடும். ஏழு பேர் பங்கு போட்டா அந்தப் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி. அதுலயும் பெண் பிள்ளைன்னா கடைசிப் பந்தி. பள்ளிக்கூடத்துல சமைச்சுத் தட்டுல போட்டா அது அந்தப் பிள்ளையோட வயித்துக்குள்ளதான் போகும்.

பட்டினிச் சாவுகள் தொடர்பான உணவுரிமை வழக்குல, 2001 நவம்பர் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டுச்சு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி எல்லாத்திலும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு சமைத்த உணவே தரணும். குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்துக்கு 200 நாளாவது. ஓட்டுக்காகப் போட்ட சோறுன்னு கேலி செய்யப்பட்டது, பத்தொன்பது வருஷம் கழிச்சு நாட்டுக்கே சட்டக் கடமையா ஆச்சு. இது பள்ளிக்கூடத்தோட வேலையான்னு 1925-ல கேட்ட கேள்விக்கு 'ஆமாம்'னு பதில் வர எழுபத்தாறு வருஷம்.

*

எல்லாம் பெருமைக் கதை மட்டும் இல்லை. ரெண்டு விஷயத்தைச் சொல்லாம விட்டா இது வரலாறே இல்லை.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பிடிச்ச தீ, கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசலை, சாப்பிடலை. மறுநாள் காலையில அடுப்பு பத்தவைக்க கை வரலைன்னு சொன்னாங்க. பள்ளிகளில் கூரைக் கொட்டகைகளை எடுக்கச் சொன்னதும், தனிச் சமையலறை, கேஸ் அடுப்புன்னு பேச்சு வலுத்ததும் அதுக்கப்புறம்தான். சோறு போட்டா மட்டும் போதாது, அது வேகிற இடமும் பத்திரமா இருக்கணும்னு தெரிஞ்சுக்க நாம கொடுத்த விலை ரொம்ப ரொம்பப் பெருசு.

இன்னொண்ணு சாதி. எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில உட்கார்ந்து ஒரே அண்டாச் சோறு சாப்பிடுறதுதான் இந்தத் திட்டத்தோட சத்தம் போடாத சாதனை. ஆனா 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் ஒரு பள்ளியில், சமையலர் தலித் பெண் என்பதற்காக அவர் சமைக்கக் கூடாதுன்னு பெற்றோர் சிலர் தடுத்தாங்க. எதிர்ப்பு கிளம்பி, வழக்குப் பதிவாகி, அவர் மறுபடி அதே அடுப்புக்குத் திரும்பினார். பிள்ளைங்க சாப்பிடத் தயாராத்தான் இருந்தாங்க, பெரியவங்களுக்குத்தான் தொண்டையில சிக்குச்சு.

*

கடைசிக் காட்சி காலைச் சாப்பாடு.

மதியம் சோறு கிடைக்குது சரி, ஆனா காலையில எட்டு மணிக்கு வேலைக்குப் போற அம்மாவும் அப்பாவும் இருக்கிற வீட்டுப் பிள்ளை வெறும் வயித்தோட வரும். மதியம் வரைக்கும் பாடம் ஏறாது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல்ல 1,545 பள்ளிகள், 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-ல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிஞ்சுது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். சமைக்கிறது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு.

1920-ல் தொடங்கினதும் டிபன்தான். நூத்திரண்டு வருஷம் கழிச்சு மறுபடி டிபனுக்கே வந்திருக்கோம். நடுவுல நின்னுபோன அந்த ஆயிரம் விளக்குப் பிள்ளைகளை நினைச்சா மனசு கனக்குது.

*

சரி, வீட்டுக்கு வருவோம். "எங்க பிள்ளை பிரைவேட் ஸ்கூல், எங்களுக்கு இதுல என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். இருக்கு.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 5 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் வயசுக்கேத்த உயரம் இல்லை. 6 மாசத்துல இருந்து 5 வயசு வரையிலான பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! இது ஏழை வீட்டுக் கணக்கு மட்டும்னு நினைச்சா ஏமாந்து போவோம். பசி பெருமளவு போயிடுச்சு, சத்து இன்னும் வந்து சேரலை. அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே, நம்ம கையில இருக்கிற வயசுலயே குறையுது.

சத்துணவுக் கூடம் நூறு வருஷமா கத்துக்கிட்டதை வீட்டுல நாம காசு இல்லாம எடுத்துக்கலாம்.

முதல்ல அந்தப் பூசணி. பிள்ளையைத் தனியா உட்கார வச்சு, போனைக் கையில கொடுத்து ஊட்டினா அது என்ன சாப்பிடுதுன்னே அதுக்குத் தெரியாது. கூட நாலு பேர் அதையே சாப்பிட்டா சாப்பிடும். ஒரு வேளையாவது குடும்பமா உட்காருங்க, நீங்க ஒதுக்குற காயை பிள்ளையும் ஒதுக்கும். ஒரு தடவை துப்பிட்டா "பிடிக்காது"ன்னு முத்திரை குத்திடாதீங்க. புதுக் காயை ஏத்துக்க சில பிள்ளைகளுக்கு பத்து, பதினஞ்சு தடவைகூட ஆகும். கொஞ்சமா, திட்டாம, திரும்பத் திரும்ப வைங்க.

ரெண்டாவது இரும்புச்சத்து. கீரையும் பயறும் கேழ்வரகும் கொடுத்தா மட்டும் போதாது, அது உடம்புல சேரணும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி புளிப்பு ஏதாவது கூட இருந்தா நல்லா சேரும். சாப்பாட்டோட டீ, காபி கொடுத்தா சேராது. பருப்புக்கீரை சாதம், மேலே ரெண்டு சொட்டு எலுமிச்சை, ஒரு துண்டு கொய்யா, முடிஞ்சா ஒரு முட்டை. இதுக்கு மேல எந்த டப்பா பவுடரும் தேவையில்லை. பள்ளியில பூச்சி மாத்திரை கொடுத்தா "வேண்டாம்"னு லெட்டர் எழுதாதீங்க, வயித்துல புழு இருந்தா நீங்க போடுற சத்து அதுக்குத்தான் போகும்.

மூணாவது பள்ளி வாசல். எங்க காலத்துல கேட்டுக்கு வெளியே இலந்தவடையும் மாங்காய்க் கீத்தும் இருந்துச்சு. இப்போ கலர் கலரா பாக்கெட் தொங்குது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்கிற பண்டங்களை பள்ளி வளாகத்துக்குள்ளேயும், வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளேயும் விற்கக் கூடாதுன்னு 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு. அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க்கைப் பத்திக் கேட்டு முடிச்ச பிறகு, இதையும் ஒரு கேள்வி கேளுங்க. கேன்டீன்ல என்ன விக்கிறீங்க, குடிக்கத் தண்ணி எங்கே, சாப்பிட எத்தனை நிமிஷம் விடுறீங்கன்னு. "இது எங்க வேலை இல்லை"ன்னு பள்ளி சொன்னா, அந்தப் பதில் 1925-லேயே சொல்லிப் பார்த்தது, தோத்துப்போனதுன்னு நீங்க சொல்லலாம்.

அரசுப் பள்ளிக்கு உங்க பிள்ளை போகுதா, ஒருநாள் மதியம் நேர்ல போய்ப் பாருங்க. அரிசி சுத்தமா இருக்கா, பிள்ளைங்க கை கழுவுறாங்களா, சமைக்கிற அம்மாவுக்கு உட்கார ஓர் இடம் இருக்கான்னு பாருங்க. குறை இருந்தா கேளுங்க. நல்லா இருந்தா அதையும் வாய் திறந்து சொல்லுங்க. பல வருஷம் அண்டா கிளறினாலும் "நல்லா இருந்துச்சும்மா"ன்னு ஒரு பெற்றோர் வந்து சொன்னதில்லைன்னு குறைப்பட்டுக்கிற ஆயாம்மாக்கள் எனக்குத் தெரிஞ்சே நாலு பேர்.

அடுத்த தடவை பந்தியில யாராவது "சத்துணவு ஸ்கூல்"னு ஆரம்பிச்சா, பாயசத்தைக் கீழே வச்சுட்டு இந்த 811-க்கும் 1,671-க்கும் நடுவுல உள்ள கணக்கை அவருக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் பாயசத்தைச் சாப்பிடுங்க, தப்பில்லை :)